லேவியராகமத்தில் நின்றுபோகிறவர்களுக்கு

வேத வாசிப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, வேதபாட வகுப்பு நடத்துகிறவர்கள் பதில் தருகிறார்கள். மேற்கோள்கள் பழைய திருப்புதலின்படி (1871-ல் வந்த தமிழ் மொழிபெயர்ப்பு).

கேள்வி: ஐயா, ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் ஆதியாகமத்தில் தொடங்குகிறேன். ஒரு வருடம்கூட முடித்ததில்லை. லேவியராகமம் வந்ததும் நின்றுவிடுகிறது. எனக்கு விசுவாசம் குறைவா?
– வாசகர், பாளையங்கோட்டை

விசுவாசத்தைக் குறை சொல்லாதீர்கள், கணக்கைப் பாருங்கள். புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க நாளொன்றுக்கு மூன்று அதிகாரத்துக்குச் சற்று மேல் வாசிக்க வேண்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. மூன்று மூன்றாகப் போனால் ஜனவரி 30-ல் அவை முடிந்து, 31-ஆம் தேதி லேவியராகமம் தொடங்கும். ஆனால் சறுக்கல் அதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. யாத்திராகமம் 25 முதல் 31 வரை ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள்: முழம், வளையம், கொக்கி, திரை. 35 முதல் அதே விவரங்கள் மறுபடி வருகின்றன. ஏற்கெனவே களைத்துப்போய்த்தான் பலிகளின் சட்டத்துக்குள் நுழைகிறீர்கள். இரண்டு நாள் தவறினால் ஆறு அதிகாரம் பாக்கி, ஒரு வாரம் தவறினால் இருபத்தொன்று. அந்தப் பாக்கிதான் ஆளை நிறுத்துகிறது.

இந்த முறை புதிய ஏற்பாட்டிலிருந்து தொடங்குங்கள். அதில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும். மீதி இரண்டு நாள் தவறியதை ஈடுகட்ட. அதிலும் முடியாவிட்டால் தவறியதை விட்டுவிட்டு அன்றைய பகுதிக்குப் போங்கள். முதலில் மாற்கு: 16 அதிகாரம், வேகமான நடை, வம்ச அட்டவணை எதுவும் இல்லை.

லேவியராகமத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. அதை வேறு வாசல் வழியாக நுழைந்து பாருங்கள். முதலில் 19-ஆம் அதிகாரம். வயலின் ஓரத்தை ஏழைக்காக அறுக்காமல் விடுவது, கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதது, சரியான தராசு எல்லாம் அங்கே இருக்கின்றன. 'உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக' என்பதும் அதே அதிகாரம்தான் (19:18). பிறகு 16-ஆம் அதிகாரத்தின் பாவநிவாரண நாள், கூடவே எபிரெயர் 9, 10. இந்த நான்கு அதிகாரமும் புரிந்த பிறகு முதல் ஏழு அதிகாரங்களின் பலிகள் அந்நியமாகத் தெரியாது.

கேள்வி: வருடப் பிறப்பு ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 ('நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே') வாக்குத்தத்த அட்டையாக வந்தது. ஆறு மாதத்தில் வேலை போய்விட்டது. வசனம் பொய்யா, நான் விசுவாசிக்கவில்லையா?
– வாசகி, நாகர்கோவில்

இரண்டும் இல்லை. அட்டையில் அச்சிட இடமில்லாமல் போன பகுதியில்தான் உங்களுக்கான பதில் இருக்கிறது. இன்றைக்கே எரேமியா 28, 29 அதிகாரங்களைச் சேர்த்து வாசியுங்கள்.

எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம்தான் 29-ஆம் அதிகாரம். 28-ல் அனனியா என்றொரு தீர்க்கதரிசி எழும்பி, 'இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும்' என்கிறான். கேட்பவர்களுக்கு இனிக்கிற செய்தி. எரேமியாவின் கடிதமோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது (29:5-7). 10-ஆம் வசனத்தில் எழுபது வருஷம் என்று கணக்கே போட்டுவிடுகிறது. அதற்கு அடுத்ததுதான் உங்கள் வசனம். கடிதம் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் 'அவைகள் தீமைக்கல்ல' என்று கர்த்தர் சொல்கிறார்.

இதில் தமிழ் வாசகர்கள் தடுமாறுகிற ஓர் இடம் உண்டு. 'நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை' என்பதில் உள்ள 'உங்கள்' இன்றைய காதுக்கு ஒருவரை மரியாதையாக அழைப்பது போலக் கேட்கும். பழைய திருப்புதலில் ஒருவரிடம் பேசினால் 'நீ', மரியாதை என்றால் 'நீர்'. 'நீங்கள்' வந்தால் கூட்டம். அந்த வாக்குத்தத்தம் ஒரு ஜனத்துக்குக் கொடுக்கப்பட்டது. உங்களுடைய இந்த வருடச் சம்பளத்துக்கான உத்தரவாதம் அல்ல. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு 1 கொரிந்தியர் 3:16-ஐ வாசித்தால், தேவனுடைய ஆலயம் என்று அங்கே தனி ஆளைச் சொல்லவில்லை, சபையைச் சொல்கிறது என்பதும் விளங்கும்.

'எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு' என்கிற பிலிப்பியர் 4:13-க்கும் இதே கதிதான். பரீட்சை அட்டைகளில் அதைக் காணாத வருடம் இல்லை. அதற்கு முந்தின வசனத்தில் பவுல் கற்றுக்கொண்டதாகச் சொல்வது 'திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும்'.

அட்டையைக் கிழித்துப் போட வேண்டாம். பின்பக்கத்தில் அந்த அதிகாரத்தை யார், யாருக்கு, எந்த நிலையில் சொன்னார் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அந்த ஒரு வரி எழுத முடியாத வசனத்தை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். வேலை தேடுகிற இந்த நாட்களுக்கு 29:5-7 உங்களோடு நேராகவே பேசும்.

கேள்வி: காலையில் சமையலுக்கு முன் 20 நிமிடம்தான் கிடைக்கிறது. ஓர் அதிகாரம் வாசிக்கிறேன். பஸ் ஏறும்போது என்ன வாசித்தேன் என்றே நினைவில்லை.
– வாசகி, திருச்சி

20 நிமிடம் தாராளம். அதில் ஓர் அதிகாரம்தான் அதிகம். பிலிப்பியர் நிருபத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 4 அதிகாரம், 104 வசனம்.

முதல் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு நிருபத்தையும் ஒரே மூச்சில் வாய்விட்டு வாசியுங்கள். 20 நிமிடத்துக்குள் முடியும். கடிதத்தைத் துண்டு துண்டாக யாரும் வாசிப்பதில்லை அல்லவா? அதிகாரம், வசனம் என்ற பிரிவெல்லாம் பிற்காலத்தவர் போட்டது. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551-ல்தான் அச்சில் வந்தன. நோட்டில் மூன்றே விஷயம்: எழுதுகிறவர் எங்கே இருக்கிறார் (1:13-ல் கட்டுகளில்), எதற்காக எழுதுகிறார் (4:18-ல் அவர்கள் அனுப்பிய உதவி கிடைத்தது), அந்தச் சபையில் என்ன பிரச்சினை.

இரண்டாம் வாரத்திலிருந்து நாளுக்கு எட்டு வசனம். 13 நாளில் முடியும். முதல் 5 நிமிடம் அந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். அடுத்த 10 நிமிடம் பென்சில். 'ஆகையால்', 'ஆனாலும்', '-படியால்', '-படிக்கு' போன்ற இணைப்புகளுக்கு அடிக்கோடு. தமிழில் காரணச் சொல் பெரும்பாலும் வினையின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும். அவசரமாக வாசித்தால் அதுதான் முதலில் தவறும். திரும்பத் திரும்ப வரும் சொல்லுக்கு வட்டம். 'சிந்தை' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். 2:2-ல் ஏக சிந்தை, 2:5-ல் கிறிஸ்துவின் சிந்தை, 4:2-ல் இரண்டு பெண்களின் பெயரைச் சொல்லி ஒரே சிந்தையாயிருக்கப் புத்தி சொல்கிறார். கிறிஸ்து தம்மைத் தாழ்த்தினார் என்ற அந்தப் பெரிய பகுதி, மனஸ்தாபத்தில் இருந்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்த சபையில் வாசிக்கப்பட்டது என்று அப்போது புரியும். அந்தச் சபையில் என்ன பிரச்சினை என்று நோட்டில் குறிக்கச் சொன்னோமே, அதற்கு விடையும் அதுதான்.

கடைசி 5 நிமிடத்தில் ஒரு வரி எழுதி, அதையே ஜெபமாக்குங்கள். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். 'நான் இன்னும் தாழ்மையாக இருக்க வேண்டும்' என்று எழுதினால் சாயங்காலம் அதைச் சோதிக்க வழியில்லை. 'ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ண' வேண்டும் என்கிறது 2:3. அதற்கு, 'இன்று நாத்தனார் போன் செய்தால் குறுக்கே பேசாமல் முழுதும் கேட்பேன்' என்று எழுதுங்கள். யாரிடம், என்ன, எப்போது என்ற மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும். மறுநாள் நோட்டைத் திறந்ததும் முதல் வேலை, முந்தின வரிக்குப் பக்கத்தில் செய்தேனா இல்லையா என்று குறிப்பது. பத்து நாளில் எட்டு 'இல்லை' வந்தால் வருந்த வேண்டாம்; வரியைச் சின்னதாக்குங்கள்.

கேள்வி: எங்கள் வாலிபர் கூட்டத்தில் 'தாலந்து போட்டி' நடத்துகிறோம். தாலந்து என்றால் திறமை இல்லை என்று ஒருவர் சண்டைக்கு வருகிறார். அப்புறம், எந்த மொழிபெயர்ப்பை வாசிப்பது நல்லது?
– வாசகர், மதுரை

போட்டியை நடத்துங்கள், ஆனால் சண்டையில் அவர் பக்கம்தான் நியாயம். தாலந்து என்பது எடை, அதன் வழியாகப் பெரும் பணத்தொகை. மத்தேயு 25:15-ஐ மெதுவாக வாசியுங்கள்: எஜமான் தன் ஊழியக்காரருக்கு 'அவனவனுடைய திறமைக்குத்தக்கதாக' தாலந்து கொடுத்தான். திறமை வேறு, தாலந்து வேறு என்று வசனமே பிரித்துச் சொல்கிறது.

ஒரு தாலந்து ஏறக்குறைய 6000 தெனாரியம். பழைய திருப்புதல் தெனாரியத்தைப் 'பணம்' என்கிறது. மத்தேயு 20:2-ல் அது ஒரு நாள் கூலி. இப்போது மத்தேயு 18-ல் மன்னிக்காத வேலைக்காரனிடம் போங்கள். அவனுக்கு மன்னிக்கப்பட்டது பதினாயிரம் தாலந்து, அதாவது ஆறு கோடி நாள் கூலி. அவன் தன் உடன்வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்துக் கேட்டது 'நூறு வெள்ளிப்பணம்'. அது அற்பத் தொகை என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். நூறு நாள் கூலி அற்பமா? மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். நமக்கு எதிராகச் செய்யப்பட்டது உண்மையிலேயே பெரிய இழப்புதான் என்று அந்த உவமை ஒத்துக்கொள்கிறது. அதனால்தான் அது வலிக்கிறது.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் எங்கள் யோசனை, இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-ல் வந்த திருப்புதல் மனப்பாடத்துக்கும் சொல் தேடவும் உகந்தது. ஆலயத்தில் காதில் விழுவதும் அதுதான். பொருள் புரிய 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைப் பக்கத்தில் வையுங்கள். 'பரிதானம்' என்றால் லஞ்சம், 'ஆயக்காரர்' என்றால் வரி வசூலிப்பவர் என்பதெல்லாம் ஒப்பிட்டால் உடனே தெளிவாகும். இரண்டும் ஒரே இடத்தில் வெகுவாக வேறுபட்டால் அந்த இடத்தைக் குறித்து வைத்து உங்கள் ஆயரிடம் கேளுங்கள். வேறுபாடு மூல பாஷையில் இருக்கக்கூடும்.

கேள்வி: குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள்.
– வாசகர், தூத்துக்குடி

சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். பத்து, பன்னிரண்டு வசனம் போதும், வாசிப்பது பிள்ளைகள். கேள்வி ஒன்றே ஒன்று: 'இதில் யாருக்குப் பயம், யாருக்குக் கோபம்?' மாற்கு 4:35-41-ல் தொடங்கிப் பாருங்கள். ஜெபத்தின் நடுவில் பிள்ளையின் மார்க் பற்றிக் கர்த்தரிடம் முறையிடுகிற பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். பாதித் தூக்கம் அதனால்தான்.

கேள்வி: அம்மா இறந்த பிறகு வேதம் திறந்தால் எழுத்து மட்டும் தெரிகிறது. ஒன்றும் உள்ளே போகவில்லை.
– வாசகி, கோயம்புத்தூர்

இப்போது புதிதாக எதையும் ஆராயத் தேவையில்லை. 13-ஆம் சங்கீதம், ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் 'எதுவரைக்கும்' நான்கு முறை வருகிறது. அதை உங்கள் சொந்த ஜெபமாக வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐந்தாம், ஆறாம் வசனங்களின் நம்பிக்கைக்கு வர மனம் ஒப்பாவிட்டால் நான்கோடு நிறுத்துங்கள். 88-ஆம் சங்கீதம் ஆறுதலான முடிவே இல்லாமல் முடிகிறது. அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள். அதையும் வாசிக்க முடியாத நாளில் சபையில் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் போதும்.

கேள்வி: எங்கள் வீட்டு வேதபாடத்தில் எட்டுப் பேர். ஒரே அண்ணன்தான் பேசுகிறார், மற்றவர்கள் 'ஆமென்' சொல்கிறோம். எப்படி மாற்றுவது?
– வாசகர், வேலூர்

பெரும்பாலும் தவறு முதல் கேள்வியில் இருக்கும். 'இந்த வசனம் உங்களோடு என்ன பேசியது?' என்று தொடங்கினால் சரளமாகப் பேசுகிறவர் கையில் கூட்டம் போய்விடும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பகுதியை முதலில் வாசித்து, ஐந்து நிமிடம் எல்லாரும் பேசாமல் தாளில் எழுதட்டும்: இங்கே யார் என்ன செய்கிறார், எந்தச் சொல் திரும்ப வருகிறது, எது புரியவில்லை. பிறகு வட்டமாக ஒவ்வொருவரும் ஒன்று சொல்ல வேண்டும், எண்ணைச் சொல்லி: 'மூன்றாம் வசனத்தில்...' என்று. வசன எண் சொல்லாமல் வருகிற கருத்தை, 'எந்த வசனத்தில் இருக்கிறது, அண்ணே?' என்று பணிவாகக் கேளுங்கள். இந்தக் கேள்வியை அவர் கோபப்படாமல் இரண்டு வாரம் தாங்கினால், மூன்றாம் வாரம் அவரும் எழுதிக்கொண்டுதான் வருவார். வட்டத்தில் அவர் முறை கடைசியில் வருகிற மாதிரி நாற்காலியைப் போடுங்கள்.