17 தளங்கள், 17 லாகின்கள்: ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ள முடியுமா?

கேள்வி: ஈரோட்டில் தனியாளாக வலைத்தள வேலை செய்கிறேன். ஜவுளிக் கடைகள், மஞ்சள் மண்டி, ஒரு பள்ளி என 17 வேர்ட்பிரஸ் தளங்கள் என் பராமரிப்பில் உள்ளன. அதில் 11 ஒரே ஹோஸ்டிங் கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றாக லாகின் செய்து அப்டேட் போடவே வாரத்தில் ஒரு நாள் போய்விடுகிறது. எல்லாவற்றையும் மல்டிசைட்டாக மாற்றிவிடலாமா? அல்லது டாஷ்போர்டு ஏதாவது வாங்கலாமா? இந்த வேலைக்குக் கடைக்காரர்களிடம் மாதக் கட்டணம் எப்படிக் கேட்பது?

பதில்: மல்டிசைட் உங்களுக்கு வேண்டாம். 2010-இல் வேர்ட்பிரஸ் 3.0 பதிப்போடு சேர்ந்த அந்த வசதி, முதலாளி ஒருவரே என்கிற இடத்துக்குத்தான் பொருந்தும். ஒரு பல்கலைக்கழகத்தின் துறைகள் நல்ல உதாரணம். அதில் எல்லாத் தளங்களுக்கும் ஒரே வேர்ட்பிரஸ், ஒரே டேட்டாபேஸ். ஒரு பிளகின் (வேர்ட்பிரஸில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருள்) மக்கர் செய்தால் ஜவுளிக் கடையோடு பள்ளியும் சேர்ந்து விழும். நாளைக்கு ஒரு கடைக்காரர் "என் தளத்தை வேறொருவரிடம் கொடுக்கிறேன்" என்றால், அதை மட்டும் பிரித்துக் கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

தளங்கள் தனித்தனியாகவே இருக்கட்டும், எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்த்துக்கொள்ள மேலே ஒரு டாஷ்போர்டு வையுங்கள். இதில் இரண்டு வகை உண்டு. மெயின் டபிள்யூ.பி. நீங்களே நிறுவிக்கொள்வது. ஒரு வேர்ட்பிரஸ் தளத்தில் டாஷ்போர்டு பிளகினையும், மற்ற 17-இலும் அதன் சைல்டு பிளகினையும் போட வேண்டும். அடிப்படை வசதிகளுக்குக் கட்டணம் இல்லை, தளங்களின் எண்ணிக்கைக்கும் வரம்பில்லை. மேனேஜ் டபிள்யூ.பி. அந்த நிறுவனத்தின் சர்வரிலேயே ஓடுவது. 2016-இல் கோடாடி என்ற ஹோஸ்டிங் நிறுவனம் வாங்கிய சேவை. கணக்குத் தொடங்கி, ஒவ்வொரு தளத்திலும் ஒரு பிளகின் போட்டால் போதும். அடிக்கடி பேக்கப் வேண்டுமென்றால் தளத்துக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். சர்வர் வேலையில் பழக்கம் இருந்தால் முதலாவது, இல்லையென்றால் இரண்டாவது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் மெயின் டபிள்யூ.பி.தான்.

ஆனால் அதை அந்த 11 தளங்கள் இருக்கும் கணக்கிலேயே நிறுவிவிடாதீர்கள். அந்தக் கணக்குதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. ஒரே கணக்கில் இருக்கும் தளங்கள் பெரும்பாலும் சர்வரின் பார்வையில் ஒரே ஆள். யாரும் கவனிக்காத ஒரு பழைய தளத்தில் நுழைந்தவன், பக்கத்துத் தளங்களின் கோப்புகளிலும் கை வைக்கலாம். இதை எந்த டாஷ்போர்டும் தடுக்காது. பணப் பரிமாற்றம் நடக்கும் தளங்களையாவது முதலில் தனிக் கணக்குகளுக்கு மாற்றுங்கள். டாஷ்போர்டுக்கும் தனியாக ஒரு சின்ன ஹோஸ்டிங், இரண்டடுக்கு லாகின். 17 வீட்டுச் சாவியும் ஒரே கொத்தில் தொங்கப்போகிறது அல்லவா? 2020 ஜனவரியில் இன்ஃபினிட் டபிள்யூ.பி. என்ற இதே மாதிரிக் கருவியின் தளப் பிளகினில் ஓர் ஓட்டை தெரிய வந்தது. அட்மினின் பயனர் பெயர் தெரிந்தாலே போதும், பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே போய்விடலாம். ஆகவே சைல்டு பிளகினுக்கு அப்டேட் வந்தால் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

அப்புறம், "எல்லாவற்றையும் அப்டேட் செய்" என்ற அந்த பட்டன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் அதை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். எல்லாத் தளங்களும் திறந்தன, கண்காணிப்புக் கருவியிலும் எல்லாம் பச்சை. மறுநாள் ஒரு கடைக்காரர் போன் செய்து, "காலையிலிருந்து ஒரு ஆர்டர்கூட வரலையே" என்றார். மூன்று கடைகளில் பணம் கட்டும் பக்கம் மட்டும் உடைந்திருந்தது. கருவி பார்த்தது முகப்புப் பக்கத்தை மட்டும்தான், அது நன்றாகத்தான் இருந்தது.

அதிலிருந்து என் வரிசை இப்படி. செவ்வாய்க்கிழமை காலை முதலில் பேக்கப். பிறகு என் சொந்தத் தளத்தில் அப்டேட். அது சிக்கலில்லாமல் ஓடினால், ஆர்டர் எடுக்காத சாதாரணத் தளங்கள். கடைகள் கடைசியில், அதுவும் ஒவ்வொன்றாக. அப்டேட் முடிந்ததும் நானே ஒரு பொருளைக் கூடையில் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்ப்பேன். பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட் என்றால் செவ்வாய் வரை காத்திருப்பதில்லை. வேர்ட்பிரஸின் சிறு பதிப்புகள் 2013-இல் வந்த 3.7-இலிருந்து தாமாகவே ஏறிக்கொள்கின்றன, அதை நிறுத்தி வைக்காதீர்கள். 2024-இல் வந்த 6.6-இல், தானாக நடக்கும் பிளகின் அப்டேட் தளத்தையே முடக்கினால் பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதியும் சேர்ந்தது. என் கடைகளுக்கு நேர்ந்தது போன்ற பாதிப் பழுதை அது கண்டுகொள்ளாது.

பேக்கப் அதே சர்வரில் இருந்தால் அது பேக்கப்பே இல்லை. வேறு இடத்துக்குப் போகட்டும். ஒரு முறையாவது அதிலிருந்து ஒரு தளத்தை மீட்டுப் பாருங்கள்.

உண்மையில் உங்கள் நேரத்தைத் தின்பது லாகின் மட்டுமாக இருக்காது என்று நினைக்கிறேன். 17 தளங்களிலும் தொடர்புப் படிவத்துக்கு எத்தனை விதமான பிளகின்கள் வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். என்னிடம் ஒரு காலத்தில் ஐந்து இருந்தன! ஒரு வேலைக்கு ஒரே பிளகின் என்று எல்லாத் தளங்களிலும் மாற்றியபோது, சோதிக்க வேண்டிய அப்டேட்களே பாதியாகிவிட்டன.

டொமைன் எப்போது முடிகிறது, யார் பெயரில் இருக்கிறது, ஹோஸ்டிங்குக்கு யாருடைய கார்டு என்பதற்கு ஒரு கூகுள் ஷீட் போதும். டொமைன் கடைக்காரர் பெயரிலேயே இருக்கட்டும்.

சரி, கட்டணம். டாஷ்போர்டிலிருந்து தளவாரியாக அறிக்கை எடுக்கலாம்: எத்தனை அப்டேட் போட்டோம், எத்தனை பேக்கப் எடுத்தோம், எவ்வளவு நேரம் தளம் நின்றது என்று. மெயின் டபிள்யூ.பி.யில் இதற்குத் தனி நீட்சி தேவைப்படும். அதைத் தமிழில் நாலு வரியாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்குங்கள். இரண்டு மாதம் இலவசமாக அனுப்பிவிட்டு, மூன்றாவது மாதம் அறிக்கையோடு பில்லையும் சேர்த்து அனுப்புங்கள். என்னிடம் அப்படித்தான் தொடங்கியது. பேரம் பேசினார்கள், ஆனால் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.