நுரையீரலும் சிறுநீரகமும்: வாசகர் கேள்விகள்

ஆன்கா பாசிட்டிவ் வந்திருக்கிறது. என்ன மருந்து எடுக்கலாம்?

வயது இல்லை, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) இல்லை, என்ன தொந்தரவு என்றுகூட எழுதவில்லை. ஆன்கா என்பது நம் வெள்ளணுக்களையே குறிவைக்கும் ஓர் எதிர்ப்பொருள். வெறும் ஆன்காவுக்கு மருந்து கிடையாது. காசநோயிலும், இதய வால்வில் கிருமித் தொற்று இருந்தாலும் அது பாசிட்டிவ் ஆகலாம். முழு விவரத்தோடு மருத்துவரைப் பாருங்கள்.

அப்பாவுக்கு மூன்று வாரமாக இருமினால் ரத்தம். நிமோனியா என்று ஆன்டிபயாடிக் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. இப்போது கிரியேட்டினின் 4. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளில் சிடி ஸ்கேன் இருக்கிறது, சளிப் பரிசோதனை இருக்கிறது, யூரின் ரிப்போர்ட் மட்டும் இல்லை. எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான். எத்தனை முறை எழுதினாலும் இருமலில் ரத்தம் என்றால் எல்லோரும் மார்பையே பார்க்கிறார்கள். நுரையீரல், சிறுநீரகம் இரண்டிலும் மெல்லிய ரத்த நுண்குழாய்கள்தான் வேலை செய்கின்றன. நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றைத் தாக்கினால் இரண்டும் சேர்ந்தே கசியும். சிறுநீர் பார்க்கத் தெளிவாக இருக்கலாம். மைக்ராஸ்கோப்பில் வடிவம் சிதைந்த சிவப்பணுக்களும் சிவப்பணு உருளைகளும் (சிறுநீரகக் குழாய்க்குள் சிவப்பணுக்கள் ஒட்டி உருளையாக வருபவை) தெரியும்; ரத்தம் சிறுநீரகத்திலிருந்தே கசிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மாதிரி புதிதாக இருக்க வேண்டும், மணிக்கணக்கில் கிடந்தால் உருளைகள் கரைந்துவிடும். சரி, இன்றே அவரை மருத்துவமனையில் சேருங்கள். ஆன்கா, ஆன்டி-ஜிபிஎம் (இந்த நுண்குழாய்களின் அடிச்சவ்வைத் தாக்கும் எதிர்ப்பொருள்), ஏஎன்ஏ (லூபஸ் போன்ற நோய்களில் வரும் எதிர்ப்பொருள்) என்ற மூன்று ரத்தப் பரிசோதனைகளும் ஒரே நேரத்தில் போகட்டும். அப்புறம் சிறுநீரக பயாப்ஸி. சந்தேகம் வலுவாக இருந்து தொற்று இல்லை என்று தோன்றினால், முடிவுகளுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு ஊசியைத் தொடங்கிவிடுவார்கள். ஆன்டி-ஜிபிஎம் நோயில் டயாலிசிஸ் வரை போன சிறுநீரகம் மீள்வது அபூர்வம்.

ரத்தம் துப்பவில்லை. அப்படியென்றால் நுரையீரலில் கசிவு இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. கசிவு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ரத்தம் துப்புவதே இல்லை. எக்ஸ்ரேயில் புதுத் திட்டுகளும், காரணமில்லாமல் இறங்கும் ஹீமோகுளோபினும் போதும் சந்தேகப்பட.

பிளாஸ்மா மாற்றம் எல்லோருக்கும் தேவையா?

ரத்தத்தின் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு எதிர்ப்பொருள்களை வெளியேற்றும் சிகிச்சை இது. ஆன்டி-ஜிபிஎம் என்றால் பெரும்பாலும் தேவை, கூடவே ஸ்டீராய்டும், எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடும். ஆன்கா நோயில், அதாவது ஆன்காவோடு வரும் ரத்தக்குழாய் அழற்சியில், கதை வேறு. சுமார் 700 பேரை வைத்து நடந்த பெக்ஸிவாஸ் ஆய்வு 2020-இல் வந்தது. பிளாஸ்மா மாற்றம் இறப்பையோ நிரந்தரச் சிறுநீரகச் செயலிழப்பையோ தெளிவாகக் குறைக்கவில்லை. ஸ்டீராய்டைச் சீக்கிரமாகக் குறைத்தவர்களுக்குப் பலன் குறையவில்லை, கடுமையான தொற்றுகள் குறைந்தன. அதனால் இப்போது ஆளைப் பார்த்துத்தான் முடிவு.

ஆன்கா நோய் இரண்டு மாதத்தில் நன்றாகிவிட்டது. ஸ்டீராய்டை நானே நிறுத்திவிட்டேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று என் வாயிலிருந்து வராது. திடீரென நிறுத்தினால், உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி ஈடுகொடுக்காமல் போகலாம். ஆன்கா நோய் திரும்பி வரும் பழக்கமுள்ளது. இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள், தொற்று வராமல் தடுக்கக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோலையும் நிறுத்தினீர்களா என்பதையும் சேர்த்து. போகும்போது புதுச் சிறுநீர் மாதிரி கொடுங்கள். கடிதத்தின் ஓரத்தில் 'சிகரெட் எப்போதாவது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வேண்டுமானால் நீங்களே நிறுத்திக்கொள்ளலாம்.