பதில்: டியர் எஸ்தர் மோட் பழுதாகிவிட்டதா?

வணக்கம். ஹாஃப்-லைஃப் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கணினி விளையாட்டுக்கான டியர் எஸ்தர் மோடை (ஏற்கெனவே உள்ள விளையாட்டை மாற்றி உருவாக்கும் பதிப்பை) நிறுவி வெகுநேரம் நடந்தும் துப்பாக்கியோ எதிரியோ தென்படவில்லை, எனவே கோப்பு பழுதாகியிருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். நிறுவலில் எந்தக் குறையும் இல்லை. போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வுத் திட்டமாக டான் பின்ச்பெக் 2008இல் வெளியிட்ட இந்த மோடில் சண்டையே கிடையாது.

ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவு ஒன்றில் நீங்கள் நடக்க நடக்க, ஒருவர் எஸ்தருக்கு எழுதிய கடிதங்களின் துண்டுகள் குரலாக ஒலிக்கும். அந்தத் துண்டுகளில் பலவற்றை நிரல் அவ்வப்போது தற்செயலாகத் தேர்ந்தெடுப்பதால், இரண்டாம் முறை அதே கடற்கரையில் நிற்கும்போது முன்பு கேளாத வரிகள் வந்து, நாம் மனத்துக்குள் கட்டி வைத்திருந்த கதையையே புரட்டிப் போட்டுவிடுகின்றன. என்னை மிகவும் உலுக்கிய இடம் பாறைகளில் தீட்டப்பட்ட மின்சுற்று வரைபடங்களும் வேதியியல் குறியீடுகளும்தான்: சாலை விபத்தைப் பற்றி அந்தக் குரல் பேசியதைக் கேட்டபின் அவற்றைப் பார்த்தால், துயரத்துக்குக் காரணம் தேடித் தேடி ஓய்ந்த ஒரு மனிதரின் கையெழுத்தாகவே தெரிகின்றன.

தொலைவில் சிவப்பு விளக்கு மின்னும் வானொலிக் கோபுரத்தை நோக்கி நடங்கள். முடிவை முன்கூட்டியே எங்கும் படித்துவிடாதீர்கள், ஹெட்ஃபோன் அவசியம்.

இது பிடித்திருந்தால், டேவி ரெடன் 2011இல் வெளியிட்ட தி ஸ்டான்லி பேரபிள் மோடை அடுத்து விளையாடுங்கள். அதில் நீங்கள் இயக்கும் பாத்திரமான ஸ்டான்லி இடப்பக்கக் கதவில் நுழைந்தான் என்று கதைசொல்லி அறிவிக்கும் அந்த நொடியில், தயங்காமல் வலப்பக்கம் திரும்புங்கள்.