புளி கரைக்கிற வீட்டுக்கு இத்தாலியன் மார்பிளா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மூன்றாவது மாடியில் 1,450 சதுர அடி ஃப்ளாட் வாங்கியிருக்கிறோம். மாமியார், நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள். பில்டர் போட்ட டைல்ஸ் மேலேயே இத்தாலியன் மார்பிள் பதித்து, ஸ்டார் ஹோட்டல் மாதிரி ஆக்கிவிடலாம் என்கிறார் கணவர். அடுப்பு மேடையும் மார்பிள்தானாம். செய்யலாமா?

பதில்: ஸ்டார் ஹோட்டல் லாபியில் யாரும் புளி கரைப்பதில்லை, உங்கள் வீட்டில் தினமும் கரைப்பீர்கள். மார்பிளும் சுண்ணாம்புக்கல் வகைதான். புளி, எலுமிச்சை, தயிர் எது சிந்தினாலும் அமிலம் மேல் பாலிஷை அரித்து மங்கலாக ஒரு திட்டு விழும், அது துடைத்தால் போகிற கறை இல்லை, கல்லே அரிபட்டது, ஆளைக் கூப்பிட்டு மறுபடி பாலிஷ் போட்டால்தான் போகும். மஞ்சள் இன்னும் மோசம், கல்லுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அதனால் மேடைக்குக் கிரானைட்தான். பக்கத்துக் கிருஷ்ணகிரியிலேயே நல்ல கல் கிடைக்கிறது. குவார்ட்ஸ் பார்க்க அழகு, ஆனால் அதில் கல்தூளை ஒட்டிவைத்திருப்பது ரெசின் என்கிற பிளாஸ்டிக் பசை. அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை அப்படியே வைக்கிற பழக்கம் வீட்டில் இருந்தால் தடம் விழும். அந்தப் பழக்கம் இல்லாத வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது தரை. 18 மி.மீ. மார்பிள், அதன் கீழே ஒன்றரை அங்குலக் கலவை, இரண்டும் சேர்ந்தால் சதுர அடிக்குச் சுமார் 12 கிலோ கூடும். ஆட்கள், சாமான் எல்லாவற்றுக்கும் சேர்த்து வீட்டுத் தளத்துக்கு வழக்கமாகக் கணக்குப் போடுகிற சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ, அதாவது சதுர அடிக்குப் பத்தொன்பது கிலோகூட வராது. அதில் பன்னிரண்டைக் கல்லே தின்றுவிடக்கூடாது இல்லையா. உங்கள் கட்டடத்துக்கு வரைந்து கொடுத்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேட்காமல், மேஸ்திரி "ஒண்ணும் ஆகாதுங்க" என்றார் என்பதற்காகப் போட்டுவிடாதீர்கள். இது போக, தரை இரண்டு அங்குலம் உயர்ந்தால் எல்லாக் கதவையும் கீழே அறுக்க வேண்டும், பால்கனி நிலைப்படியின் உயரம் போய் மழைத்தண்ணீர் உள்ளே வரும், மாமியாருக்குக் குளியலறைப் படி இன்னும் ஆழமாகும்.

ஆசை விடவில்லை என்றால் நிலைவாசல் தாண்டியதும் வருகிற சுவர் ஒன்றில் மட்டும் மார்பிளைப் பதியுங்கள், வருகிறவர் கண் முதலில் அங்கேதான் போகும். மிச்சமாகும் பணத்தை கிச்சனில் போடுங்கள். கிரைண்டருக்கு நிரந்தர இடம், பக்கத்திலேயே 16 ஆம்பியர் ப்ளக், மேடை உயரம் யார் அதிகம் சமைக்கிறார்களோ அவர் முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே. இதையெல்லாம் டிசைனர் படத்தில் காட்டமாட்டார், படத்தில் எப்போதும் ஒரு கண்ணாடிக் கிண்ணமும் மூன்று பச்சை ஆப்பிளும்தான் இருக்கும்.

கேள்வி: ஹாலில் பெரிய கிரிஸ்டல் சரவிளக்கு மாட்டலாமா?

பதில்: ஃபால்ஸ் சீலிங் போட்டபின் உங்கள் ஹால் ஒன்பதடி உயரம்தான் மிஞ்சும். ஃபேனையும் மாட்டி, சரவிளக்கையும் மாட்டி, அதில் ஒட்டடை அடிக்க ஆளும் இருந்தால் மாட்டுங்கள். இல்லையென்றால் ஓரங்களில் 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் போதும். 6500 வெள்ளை விளக்கு போட்டால் எவ்வளவு செலவழித்த ஹாலும் மருந்துக்கடை மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: மாடுலர் கிச்சனுக்கும் அலமாரிகளுக்கும் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். மூன்றும் சதுர அடிக் கணக்கு, ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. எதை நம்புவது?

பதில்: சதுர அடியை எதை வைத்து அளக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ஏழுக்கு ஏழு அலமாரி முன்பக்க அளவில் 49 சதுர அடி. ஒருவர் அதோடு முடிப்பார், இன்னொருவர் பரணைத் தனியாக, உள் தட்டைத் தனியாக, ஜிஎஸ்டியைத் தனியாகச் சேர்ப்பார். அப்புறம் உள்பெட்டி எந்தப் பலகை என்பது. சிங்க் பக்கம் ஐஎஸ் 710 பிளைவுட் எழுதி வாங்குங்கள், கொதிக்கும் தண்ணீரில் 72 மணி நேரம் கிடந்தும் பிரியக்கூடாது என்பது அதற்கான சோதனை. பலகை இறங்கும்போது நீங்களே நின்று முத்திரையைப் பாருங்கள். லேமினேட் ஒட்டியபின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆண்டவனுக்கும் ஆசாரிக்கும்தான் தெரியும். என் வீட்டிலேயே கண்ணாடி மாதிரி மின்னுகிற கதவுக்கு மயங்கி, சிங்க் அடியில் எம்டிஎஃப், அதாவது மர நாரை அழுத்திச் செய்த பலகை, போடவிட்டேன். இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு சொட்டு பைப் கசிவு, பலகை ஊறவைத்த ரொட்டி மாதிரி உப்பிவிட்டது.

கூடைகள், டிராயர் கம்பிகள் 304 ஸ்டெயின்லெஸ் என்று பில்லில் இருக்க வேண்டும். காந்தம் ஒட்டவில்லை, நல்ல ஸ்டீல் என்று கடையில் வித்தை காட்டுவார்கள். மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கல் குறைவு, ஈரத்தில் சீக்கிரம் துரு பிடிக்கும். உருக்காலை உள்ள ஊரில் இருந்துகொண்டு இதில் ஏமாந்தால் ரொம்பக் கேவலம்.

கேள்வி: குளியலறைக்குக் கறுப்பு மேட் குழாய்கள் வாங்கிவிட்டோம். எங்களுக்குப் போர் தண்ணீர்தான்.

பதில்: முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்தால் கறுப்பில் கோலம் போட்ட மாதிரி தெரியும், சுரண்டினால் பூச்சு போகும். சாதா குரோம் என்றால் தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்துவிடலாம், அந்த வினிகர் மார்பிள் பக்கம் மட்டும் போகக்கூடாது.

கேள்வி: ஏற்காட்டில் விடுமுறைக்கென்று சின்ன ஃப்ளாட் வைத்திருக்கிறோம். போன வருடம் லெதர் சோஃபா போட்டோம், இப்போது முழுக்கப் பூஞ்சை. வால்பேப்பரும் உரிகிறது.

பதில்: மாதத்துக்கு ஒருமுறை திறக்கிற வீடு, வெளியே பனிமூட்டம், உள்ளே பூட்டிய காற்று, இதில் லெதர் வேறு. சோஃபாவைப் பால்கனி நிழலுக்குக் கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, நல்ல காற்றில் ஆறவிடுங்கள், நேர் வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். வால்பேப்பரை மொத்தமாகக் கிழித்துவிட்டுச் சுவர் நன்றாகக் காய்ந்தபின் பெயிண்ட் அடியுங்கள். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், கதவில் காற்றுப் போக இடைவெளி விடச் சொல்லுங்கள். உட்கார, மலையிலேயே வளர்கிற சில்வர் ஓக்கில் சட்டம் செய்து, உறை கழற்றித் துவைக்கிற மெத்தை போட்டால் போதும். அந்த லெதர் சோஃபாவைச் சேலம் வீட்டுக்கு இறக்கிவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, கயிற்றை இரண்டு சுற்றாகக் கட்டச் சொல்லுங்கள்.