பாக்டீரியாவை வைத்துத் தாதுவிலிருந்து தங்கம் எடுக்கிறார்களாமே, அது தங்கத்தைக் கரைக்கிறதா?

இல்லை. பாக்டீரியா தங்கத்தைத் தொடுவதே கிடையாது. தங்கத்தைச் சிறைவைத்திருக்கும் சல்பைடு (கந்தகம் சேர்ந்த) கனிமத்தைச் சிதைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். தங்கத்தைக் கரைப்பது வழக்கம்போல சயனைடுதான்.

சில தாதுக்களில் தங்கம் மிக நுண்ணிய துகளாக ஆர்சனோபைரைட், பைரைட் என்ற சல்பைடு படிகங்களுக்குள் சிக்கியிருக்கும். எவ்வளவு அரைத்தாலும் சயனைடு உள்ளே எட்டாது. முன்பெல்லாம் உலையில் வறுப்பார்கள். கந்தக டை ஆக்சைடும் ஆர்சனிக் புகையும் கிளம்பும். அதற்கு மாற்றாக, தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன் பகுதியிலுள்ள ஃபேர்வியூ சுரங்கத்தில் 1986-இல் பாக்டீரியா தொட்டிகள் வந்தன. ‘பயாக்ஸ்’ என்பது அந்த முறையின் பெயர்.

தாதுவை அரைத்து, நுரைமிதப்பு முறையில் (காற்றுக் குமிழிகளில் ஒட்டி மிதக்கவைத்து) சல்பைடை மட்டும் செறிவாக்கி, சுமார் 20% திடப்பொருள் உள்ள குழம்பாகத் தொட்டிக்கு அனுப்புவார்கள். கூடவே அம்மோனியம், பொட்டாசியம், பாஸ்பேட் உப்புகள் கொஞ்சம், உரத்தரம் போதும். பி.எச். 1.2 முதல் 1.8 வரை (கடும் அமிலம்), வெப்பம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி. இந்த வேலைக்கான பாக்டீரியா என்று பாடநூல்கள் எல்லாம் ஆசிடிதயோபாசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸையே எழுதும். ஆனால் இந்த வெப்பத்தில் ஆள்வது லெப்டோஸ்பிரில்லமும் ஆசிடிதயோபாசில்லஸ் கால்டஸும்தான். உண்மையில் கனிமத்தை அரிப்பது, குழம்பில் கரைந்திருக்கும் ஃபெரிக் இரும்பு (Fe³⁺). அது ஃபெரஸாக (Fe²⁺) மாறியதும் லெப்டோஸ்பிரில்லம் திரும்ப ஃபெரிக் ஆக்கித் தரும். மிஞ்சும் கந்தகத்தை அமிலமாக்குவது கால்டஸ்.

குழம்பு மொத்தம் நான்கைந்து நாள் தொட்டிகளில் இருக்கும். அதில் பாதி நேரம் முதல் கட்டத்தில்தான்: மூன்று தொட்டிகளுக்குக் குழம்பைப் பிரித்து ஊற்றுவார்கள். ஒரே தொட்டியில் வேகமாகச் செலுத்தினால் பாக்டீரியா பெருகும் முன்பே அடித்துக்கொண்டு போய்விடும். அதன்பின் மூன்று தொட்டிகள் வரிசையாக.

செலவில் பெரும்பங்கு காற்றிலும் குளிர்விப்பிலும் போகிறது. ஒரு கிலோ பைரைட் முழுதாக ஆக்சிஜனேற்றம் ஆக ஏறத்தாழ ஒரு கிலோ ஆக்சிஜன் வேண்டும். அது சூடான குழம்பில் சுலபமாகக் கரையாது. காற்றூதும் இயந்திரமும் கலக்கும் இயந்திரமும் ஓயாமல் சுழல வேண்டும். இந்த வினை வெப்பத்தைக் கக்குவதால் தொட்டிக்குள் குளிர்நீர்ச் சுருள்கள் கட்டாயம். அவை அடைத்துக்கொண்டால் வெப்பம் ஏறி பாக்டீரியாக் கூட்டமே செத்துவிடும்.

பெரும்பாலும் சறுக்குவது தண்ணீரில். சயனைடு பகுதியிலிருந்து வரும் நீரைச் சிக்கனம் பார்த்துத் தொட்டிக்குத் திருப்பினால், அதிலுள்ள தயோசயனேட் (சயனைடும் கந்தகமும் சேர்ந்த பொருள்) சிறிதளவே போதும், பாக்டீரியா முடங்கிவிடும். இரண்டு நீர்ச்சுற்றுகளும் தனித்தனியாகவே இருக்க வேண்டும். வெளிவரும் குழம்பையும் நன்றாகக் கழுவி, சுண்ணாம்பால் பி.எச்.-ஐ 10.5-க்கு மேல் ஏற்றிய பிறகே சயனைடு சேர்க்கலாம். அமிலத்தில் சயனைடு பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும், ஆளைக் கொல்லும்.

கழுவிய நீரில் இரும்பும் ஆர்சனிக்கும் இருக்கும். அதைச் சுண்ணாம்புக்கல்லால் பி.எச். 4–5, பிறகு சுண்ணாம்பால் 7–8 என இரண்டு படியாக உயர்த்தி ஃபெரிக் ஆர்சனேட்டாக (இரும்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த திடப்பொருள்) படியவைப்பார்கள். ஆர்சனிக்குக்கு மூன்று மடங்காவது (மோல் கணக்கில்) இரும்பு இருந்தால்தான் படிவு நிலைக்கும். குறைந்தால் ஆர்சனிக் மறுபடி நீரில் கசியும்.

எல்லாத் தாதுவுக்கும் இது தேவையில்லை. அரைத்த தாதுவை நேரே சயனைடில் போட்டே 90% தங்கம் வந்தால் இந்தத் தொட்டிகள் வீண் செலவு. தாதுவில் கரிமம் இருந்தால் அது கரைந்த தங்கத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பாக்டீரியா அதை ஒன்றும் செய்யாது.