வேலைக்குப் போன ஊரில் காடு

அன்புள்ள ஐயா,

அலுவலக வேலையாக அடுத்த மாதம் தங்கப்போகும் ஊரை ஒட்டியே காடு இருக்கிறது. மதியம் ஒரு மணிக்கு வேலை முடிந்துவிடும். சூரியன் மறைய ஆறரை ஆகும். தனியாகப் போய்வரலாமா? என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வனத்துறை தனியே நடக்க அனுமதிக்கும் பாதை என்றால் தாராளமாகப் போகலாம். அனுமதி இல்லையென்றால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

பையை விட முக்கியம் நேரம். அடர்ந்த மரங்களுக்கடியில் அஸ்தமனத்துக்கு வெகு முன்பே இருட்டத் தொடங்கும். ஐந்தரைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். இரண்டு மணிக்கு நுழைந்தால் மூன்றரை மணிநேரம் கையிலிருக்கும். அதில் அரைமணியைத் தொடாமல் வையுங்கள். மீதியில் பாதி, ஒன்றரை மணிநேரம், போவதற்கு. ஆக, மூன்றரைக்கு எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். அருவி அடுத்த வளைவில்தான் என்று யார் சொன்னாலும் சரி. கிளம்பத் தாமதமானால் திரும்பும் நேரத்தையும் முன்னே இழுங்கள்.

எவ்வளவு தூரம்? மணிக்கு 5 கி.மீ., 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி என்பது 1892இல் ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த கணக்கு. வேரும் சேறுமான பாதையில் மணிக்கு 3 கி.மீ. என்றே வையுங்கள். 300 மீட்டர் ஏற்றம் இருந்தால் அதற்கே அரைமணி போகும், ஒருவழியில் உங்கள் எல்லை 3 கி.மீ.தான்.

வரைபடத்தை விடுதியிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனால் சிக்னலைத் தேடித்தேடியே பேட்டரி தீரும், ஏரோபிளேன் மோடில் போடுங்கள். பாதை பிரியும் இடங்களில் திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுங்கள். வரும்போது அதே இடம் வேறாகத் தெரியும்.

பாதையை விட்டு இறங்காதீர்கள். ஜெர்மனியின் பீன்வால்டு காட்டில் நடந்து, 2009இல் வெளியான ஆய்வில், சூரியன் தெரியாதபோது நேராக நடப்பதாக நினைத்தவர்கள் வட்டமடித்தார்கள். தம் தடத்தையே குறுக்கிட்டதைக்கூடச் சிலர் உணரவில்லை. வழி தவறினால் நின்றுவிடுங்கள். உதவி கேட்க, நிமிடத்துக்கு ஆறு முறை விசில், பின் ஒரு நிமிட இடைவெளி, மீண்டும் ஆறு.

ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், டார்ச், விசில், மழைச்சட்டை போதும். அலுவலகக் காலணி ஈரப்பாறையில் வழுக்கும், ஜீன்ஸ் நனைந்தால் காயாது. உண்ணி ஏறாமலிருக்கக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். உண்ணி கடித்திருந்தால் எண்ணெயோ நெருப்போ வேண்டாம், நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் விடுதியில் எழுதிக் கொடுங்கள். ஊர் திரும்புமுன் காலணி மண்ணைச் சுரண்டிக் கழுவி உலர்த்துங்கள். பைட்டாப்தோரா போன்ற வேரழுகல் கிருமிகள் அந்த மண்ணில்தான் காடுவிட்டுக் காடு போகின்றன. அடிக்கடி ஊர் மாறும் உங்களைப் போன்றவர்கள் இதை ஒருமுறைகூட விடக்கூடாது.

அன்புடன்