பள்ளியில் படிக்கும்போது தன்பாலீர்ப்பை மறைப்பது தவறா? அம்மாவிடம் சொல்லிவிடலாமா?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: பதினொன்றாம் வகுப்பு, ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறீர்கள், வீடு சேலத்தில். பையன்கள் மேல்தான் ஈர்ப்பு என்பது எட்டாவதிலேயே தெரிந்துவிட்டது. கூட இருப்பவர்கள் முன்னால் நடித்து நடித்து அலுத்துவிட்டது. மறைப்பதும் பொய்தானே, அம்மாவிடமாவது சொல்லிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

மறைப்பது தவறில்லை தம்பி. உங்கள் வகுப்பிலேயே அப்பா குடிப்பதை மறைப்பவன் இருப்பான், ஃபீஸ் பாக்கியை மறைப்பவன் இருப்பான். அவர்களை யாரும் பொய்யன் என்பதில்லை. ஆனால் சொல்லாமல் இருப்பது வேறு, கதை கட்டுவது வேறு. நான் கதை கட்டியவன். நன்றாகவே கட்டினேன். அதற்கு என்ன செலவாகும் என்று தெரிந்ததால்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

நான் படித்தது சேலம் டவுனுக்குள் ஓர் ஆண்கள் பள்ளி. 2013-ல் பிளஸ் ஒன். ஆண்கள் பள்ளி என்பதால் பெண்களைப் பற்றிய பேச்சுக்குக் குறைவா இருக்கும்? "உன் ஆளு யாருடா?" என்பது அங்கே வருகைப் பதிவு மாதிரி, எல்லாரும் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் வகுப்பில் ஒருவனுக்கு நடையில் லேசான நெளிவு. அவனை 'ஒன்பது' என்பார்கள், ஏதோ ஒரு சினிமா காமெடி வசனத்தை அவன் உள்ளே வரும்போதெல்லாம் ஒப்பிப்பார்கள். அவனுக்குப் பெண்கள் மேல்தான் ஈர்ப்பு. (கல்யாணம் ஆகிவிட்டது என்பதால் சொல்லவில்லை, கல்யாணம் எதற்கும் சாட்சி இல்லை. அவனே பின்னாளில் சொன்னது.) எனக்கு நடையும் குரலும் 'சரியாக' இருந்ததால் நான் தப்பித்தேன், அடியெல்லாம் அவனுக்கு விழுந்தது. அந்த வயதுப் பையன்கள் உண்மையைத் தேடிப் பிடிப்பதில்லை, கண்ணில் படுவதைத்தான் பிடிக்கிறார்கள்.

அந்தப் பதிவுக்காக நான் உருவாக்கியவள்தான் ஆத்தூர் மாமன் பொண்ணு. இதன் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். பஸ் ஸ்டாப்பில் பார்த்த பெண் என்றால் வந்து பார்ப்பார்கள், நம்பர் கேட்பார்கள். முறைப்பொண்ணு என்று சொல்லிவிட்டால் நம்மூரில் பேச்சே மாறிவிடும். "மச்சான், அப்ப உனக்கு செட்டில்டு" என்று தோளில் தட்டிவிட்டு அடுத்தவனிடம் போய்விடுவார்கள். அவளைப் பற்றி அசிங்கமாகப் பேசவும் மாட்டார்கள். என் மாமாவுக்கு இரண்டும் பையன்கள் என்பது வகுப்பில் யாருக்குத் தெரியும்?

பிரச்சினை என்னவென்றால், கட்டிவிட்ட கதை சும்மா இருப்பதில்லை. அவள் பத்தாவது படிக்கிறாள் என்று ஒருநாள் வாய்விட்டுவிட்டேன். 2014 மே மாதம் ரிசல்ட் வந்த அன்று ஒருவன் மறக்காமல் கேட்டான், "உன் மாமன் பொண்ணு எவ்வளவுடா?" ஐந்நூற்றுக்கு நானூற்றுத் தொண்ணூறு என்று ஏற்றிச் சொன்னால் பேப்பரில் பேர் வந்ததா என்று தேடுவான். குறைத்துச் சொல்லவும் மனசு வரவில்லை, எவ்வளவானாலும் என் கற்பனையில் படிப்பவள் அல்லவா. 462 என்றேன். பிறகு அவள் எடுத்த குரூப், அவளுக்கு வந்த டைபாய்டு, மாமா வீட்டு மாடு வரைக்கும் எல்லாவற்றையும் தலையில் வைத்திருந்தேன். கெமிஸ்ட்ரி சமன்பாடுகளுக்கு இருந்திருக்க வேண்டிய இடம் அது.

கேட்டவன்தான் எனக்கு உயிர். அவன் அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. சாயங்காலம் ரெக்கார்ட் நோட் எழுத அங்கேதான் போவோம். உள்ளே ஆட்கள் சலங்கையை ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுத்துப் பற்றவைத்துக்கொண்டிருப்பார்கள், ஒரு மூலையில் எடை போடுவது நடக்கும். அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கையெழுத்தே கோணலாக வரும். ஒருநாள் அவன் வெகு சீரியஸாகச் சொன்னான்: "டேய், தீபாவளிக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு ஜோடி கொலுசு குடுடா. வெள்ளிக்கு மட்டும் காசு குடு, அப்பாகிட்ட சொல்லிக் கூலி போடாம நான் எடுத்துத் தர்றேன். அளவு மட்டும் கேட்டுச் சொல்லு."

அளவு எங்கே போய்க் கேட்பது? வீட்டில் அக்கா தூங்கும்போது காலில் நூலைச் சுற்றி எடுத்தேன், பத்தேகால் அங்குலம். அவனே டிசைன் பார்த்து, கொக்கி சரியாக மாட்டுகிறதா என்று இழுத்துப் பார்த்து, ரோஸ் தாளில் மடித்துக் கொடுத்தான். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். யார் மேல் எனக்கு ஆசையோ அவன், இல்லாத ஒருத்திக்காக இவ்வளவு பாசமாக அலைகிறான். அவன் காட்டிய அன்பில் எனக்கென்று எதுவும் வந்து சேரவில்லை, எல்லாம் ஆத்தூருக்குப் போய்விட்டது. கதை கட்டுவதற்கான செலவு என்று நான் சொன்னது இதைத்தான். மாட்டிக்கொள்வோமோ என்ற பயமெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இன்னொன்றும் உண்டு. குகை என்கிற எங்கள் ஏரியாவில் ஆடித் திருவிழாவில் வண்டி வேடிக்கை நடக்கும், பார்த்திருப்பீர்கள். ஆம்பிளைகள் பட்டுச்சேலை கட்டி, நகை போட்டு, மீனாட்சியாகவும் காளியாகவும் அலங்கார வண்டியில் வருவார்கள். தெருவே கையெடுத்துக் கும்பிடும். எங்கள் சித்தப்பா மீசையை எடுத்துவிட்டு அம்பாள் வேஷம் போடுவார், மறுநாள் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தறிக்குப் போவார், யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னையும் ஒரு வருஷம் கூப்பிட்டார்கள், முகவெட்டு நன்றாக இருக்கிறது என்று. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டேன். மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்கள் குஷியாகச் சேலை கட்டி வண்டி ஏறினார்கள். எனக்கு ஆசை இருந்தது, ஆனால் என் வகுப்புப் பையன்கள் கூட்டத்தில் நிற்பார்களே. மறைக்கிறவன் மற்றவர்களைவிடவும் அதிகமாக 'ஆம்பிளை'யாக இருந்து காட்ட வேண்டியிருக்கிறது.

நான் பிளஸ் ஒன் அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், 2013 டிசம்பர் 11 அன்று, ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்த விடுதலை அதோடு போயிற்று. மறுநாள் அப்பா பேப்பரை மடித்து வைத்தபடி "சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றார், அவ்வளவுதான். சட்னியைத் தொட்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். அதே உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தன் தீர்ப்பைத் தானே தவறு என்று சொல்லி, வயதுவந்த இருவர் சம்மதித்து உறவில் இருப்பது குற்றமில்லை என்றது. அன்றைக்குக் கோயம்புத்தூரில் கல்லூரி ஹாஸ்டல் மொட்டை மாடியிலிருந்து அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்தக் கொலுசு யாருக்குடா வாங்குன? என்ற காலுக்கு அளவெடுத்த மாதிரி இருந்துச்சே" என்றாள். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே அதைத்தான் தெரிந்துகொள்ள நினைத்திருக்கிறாள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்பதே என் எண்ணம். உங்கள் அம்மா நல்லவரில்லை என்பதால் அல்ல. நீங்கள் சொன்ன அன்று இரவே அவர் அப்பாவிடம் சொல்லக்கூடும், அப்பா மாமாவைக் கூப்பிடக்கூடும், விடுதியிலிருந்து உங்களை அழைத்துக்கொண்டு வந்துவிடக்கூடும். அதன்பின் ஃபீஸ், போன், தங்கும் இடம் மூன்றும் அவர்கள் கையில். பிளஸ் டூ முடிந்து, வேறு ஊரில் கல்லூரியில் காலூன்றிய பிறகு சொன்னாலும் அது அதே உண்மைதான், பழசாகிவிடாது. யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால், முதலில் அக்கா, சித்தி, அத்தை என்று முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத, ஆனால் உங்கள் மேல் பாசமுள்ள ஆளைத் தேடுங்கள். சொல்வதற்கு முன் ஏதாவது செய்தியைச் சாக்காக வைத்துப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முகம் எப்படிப் போகிறது என்று தெரிந்துவிடும்.

ஒருவேளை தானாகவே தெரியவந்து, டாக்டரிடம் காட்டி மாற்றிவிடலாம் என்று வீட்டில் கிளம்பினால், இதை நினைவில் வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் 2018-ல் இது நோயில்லை என்று சொல்லிவிட்டது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்கள் வழக்கில், 'மாற்றும் சிகிச்சை'க்குத் தடை விதித்தார். தனக்கே இதில் தெளிவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதிய உத்தரவு அது. அடுத்த வருஷமே தேசிய மருத்துவ ஆணையம் அந்தச் சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆகவே ஊசி, மாத்திரை, ஷாக் என்று பேசுகிற டாக்டர் தன் லைசென்ஸோடு விளையாடுகிறார். மந்திரிப்பவர்களுக்கு லைசென்ஸே கிடையாது, அவர்களை என்ன செய்வது என்று எனக்கும் விளங்கவில்லை.

கசப்பாக ஒன்றையும் சொல்லவேண்டும். 2018 தீர்ப்பு பதினெட்டு முடிந்தவர்களுக்கு. அதற்குக் கீழே போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்தான், ஆணோ பெண்ணோ, சம்மதமோ இல்லையோ. இருவருமே பதினேழாக இருந்தாலும் வழக்காகலாம். டேட்டிங் ஆப்பில் வயதைக் கூட்டிப் போட்டு உள்ளே போகாதீர்கள். நாலு ரோட்டில் பார்க்கலாம் என்று கூப்பிட்டு, போட்டோவைக் காட்டிப் பணம் கேட்ட கதைகள் என் நண்பர்களிடமே உண்டு. அப்படி யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், சாட் மெசேஜ்களை அழிக்காதீர்கள், 1098-க்குச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான எண்தான், பதினெட்டு வரை நீங்களும் அதற்குள்தான் வருகிறீர்கள்.

விடுதியில் மிச்ச நாட்களை எப்படி ஓட்டுவது? ஆளைப் பற்றிக் கேட்டால் "எனக்கு அதெல்லாம் இப்ப வேணாம்டா" போதும். சலிப்பாகச் சொல்லுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். இரண்டு வாரம் நச்சரிப்பார்கள், பிறகு உங்களைப் படிப்பாளி என்று முத்திரை குத்தி விட்டுவிடுவார்கள். நண்பனுக்கு உங்களைப் பற்றி எல்லாம் தெரியவேண்டியதில்லை, ஆனால் தெரிந்தவரை நிஜமாக இருக்கட்டும்.

ரொம்பப் பாரமாக இருந்தால் டெலி மனஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி, எண் 14416. அரசு நடத்துவது, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, காசில்லை, தமிழிலேயே பேசலாம். சனி ஞாயிறு வீட்டுக்கு இறங்கும்போது அம்மா போனில்தான் கூப்பிட முடியும் என்றால் அந்த எண் கால் லிஸ்டில் நிற்கும், அழித்துவிடுங்கள். அழிக்க மறந்து அம்மா கேட்டால், பிசிக்ஸ் பரீட்சை பயம் என்று சொல்லுங்கள். பிளஸ் ஒன் பிசிக்ஸ் புத்தகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள்.